லிண்டா, சாரா, அமீலியா: முதலில் யாருடன் புறப்படுவது?

அண்ணன் மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். வேலையில் சேர மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் புத்தக அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "அத்தை, ஒரே ஒரு ஆங்கில நாவல் எடுத்துக் கொடுங்கள்" என்றாள். "காதல் இருக்கவேண்டும். திகிலும் இருக்கவேண்டும். ஆனால் ஆபத்து வந்ததும் மயங்கி விழுகிற பெண் வேண்டாம். எழுந்து ஏதாவது செய்கிற பெண்ணாக இருக்கட்டும்."

கேட்பது எளிது, எடுத்துக் கொடுப்பதுதான் கடினம். இந்த வகையில் முதல் புத்தகம் சரியாக அமையாவிட்டால் வகையையே ஒதுக்கிவிடுவார்கள். என் தோழிகள் இரண்டு பேர் அப்படித்தான் விலகிப் போனார்கள். அதனால், "பொறு, யோசித்துச் சொல்கிறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, பழைய பிரதிகளை இறக்கி ஒரு வாரம் மறுபடி படித்தேன். கடைசியில் மேஜையில் மூன்று புத்தகங்கள் மிஞ்சின. அந்த மூன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை, இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லிவிடமாட்டேன். ஆனால் கதையின் நடுப்பகுதி வரைக்கும் தொடாமல் ஒப்பிட வழியில்லை.

காதல் மர்ம நாவல் என்று இந்த வகையைச் சொல்லலாம். காதல் கதையில் ஒரு கொலையைச் செருகிவிட்டால் போதாது. துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தில் கல்யாணம் நடந்தாலும் போதாது. இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாக இறுகியிருக்கவேண்டும். ஆபத்து எங்கிருந்து வருகிறது? நான் மனம் கொடுத்தவனை நம்பலாமா? முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதற்கும் விடை கிடையாது. நள்ளிரவு தாண்டியும் விளக்கை அணைக்கவிடாதது இந்த முடிச்சுதான்.

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் இவற்றை நான் வாங்கத் தொடங்கிய நாட்களில், அட்டைகளில் திரும்பத் திரும்ப ஒரே படம் இருக்கும். இருட்டு, பெரிய மாளிகை, மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், முன்னால் வெள்ளை நீள அங்கியோடு தலைவிரி கோலமாக ஓடும் பெண். விக்டோரியா ஹோல்ட் என்ற புனைபெயரில் எலினார் ஹிப்பர்ட் 1960இல் எழுதிய 'மிஸ்ட்ரெஸ் ஆஃப் மெல்லின்' அப்படித்தான் என் கைக்கு வந்தது. கார்ன்வால் கடற்கரையில் ஒரு பெரிய வீடு, தாயில்லாப் பெண் குழந்தை, அந்தக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வரும் மார்த்தா. வாங்கிவந்த பிரதியில் கடைசிப் பக்கங்கள் கழன்று போயிருந்தன. குற்றவாளி யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நான் தவித்ததை வைத்தே அந்த நாவலின் திறமையைச் சொல்லிவிடலாம். ஆனாலும் அண்ணன் மகளுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. மார்த்தா அறிவாளி, மானமுள்ளவள், குழந்தையிடம் பாசமுள்ளவள். இருந்தும் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் அவளுக்கு நடக்கிறதே தவிர, அவளால் நடப்பது குறைவு.

இன்றைய அமெரிக்க நாவல் ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். நோரா ராபர்ட்ஸின் 'தி விட்னஸ்', 2012. பதினாறு வயதில் ஒரு கொலையைப் பார்த்துவிட்ட பெண், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறு பெயரில், ஒரு சிற்றூரின் ஓரத்தில், கணினிப் பாதுகாப்பு வேலை செய்துகொண்டு தனியாக வாழ்கிறாள். வீடு முழுக்கக் கேமரா, கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி, காவலுக்கு ஒரு பெரிய நாய். விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் அவளுக்குக் காதலன் மேல் சந்தேகமே வரவில்லை; அவன் அந்த ஊர்க் காவல்துறைத் தலைவன், முதல் சந்திப்பிலிருந்தே நல்லவன். முடிச்சில் ஒரு இழை இல்லை. மேஜையிலிருந்து அலமாரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பெண்ணின் வலிமையை அவள் யாரை அடிக்கிறாள் என்பதை வைத்து நான் பார்ப்பதில்லை. இந்த நாவல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம் வரும். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிடலாம். பஸ் இருக்கிறது, பணம் இருக்கிறது, யாரும் குறை சொல்லப்போவதில்லை. இருந்தும் அவள் கிளம்பவில்லை. ஏன்? அசட்டுத் துணிச்சலால் என்றால் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆசிரியருக்குக் கதை நகரவேண்டும் என்பதற்காக என்றாலும் மூடிவிடுவேன். அவள் நிற்பதற்கு ஒரு காரணம் இருந்து, அந்தக் காரணத்தை அவள் பயத்தோடு, தெரிந்தே சுமந்தால் அவளைக் கடைசிவரை பின்தொடர்வேன். மூன்று புத்தகங்களையும் இந்த ஒரு கட்டத்தை வைத்துத்தான் எடை போட்டேன்.

முதலில் சாரா பேரிஷ். எம்.எம். கே எழுதிய 'டெத் இன் காஷ்மீர்'. கே 1908இல் சிம்லாவில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் இந்திய உளவுத்துறையின் தலைவராக இருந்தவர். கணவர் ராணுவ அதிகாரி. வாழ்ந்த ஊர்களும் விருந்தாளியாகத் தங்கிய ஊர்களும் கேயின் கைக்கு நாவல்களாக வந்தன. காஷ்மீர், பெர்லின், சைப்ரஸ், கென்யா, ஜான்ஜிபார், அந்தமான் என்று ஆறு. காஷ்மீர் நாவல் 1953இல் வேறு தலைப்பில் வெளிவந்தது. 1978இல் 'தி ஃபார் பெவிலியன்ஸ்' அவரை உலகறியச் செய்த பிறகு, இந்தப் பழைய நாவல்கள் புதிய தலைப்புகளோடு மறுபடி அச்சேறின.

தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். குல்மார்க், பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் தங்கியிருக்கும் விடுதி, நிலா வெளிச்சம். நடு இரவில் ஏதோ உராயும் சத்தம் கேட்டு சாரா விழித்துக்கொள்கிறாள். பக்கத்து அறை ஜன்னலை யாரோ திறக்கப் பார்க்கிறார்கள். நாமாக இருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். சாரா மேலங்கியை மாட்டிக்கொண்டு, பனி படிந்த தாழ்வாரத்தில் இறங்கிப் போய்ப் பக்கத்து அறைப் பெண்ணை எழுப்புகிறாள். கதவைத் திறக்கும் அந்தப் பெண்ணின் கையில் துப்பாக்கி! பனிச்சறுக்கு, விருந்து, சிரிப்பு என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த விடுமுறைக்கு அடியில் வேறொரு உலகம் இருப்பது அந்த ஒரு கதவு திறக்கும்போது தெரிந்துவிடுகிறது. இந்த முதல் அத்தியாயத்துக்கு இணையாக மற்ற இரண்டு புத்தகங்களிலும் ஒன்று கிடையாது.

அந்தப் பெண் ஜேனட் ஓர் உளவாளி. அவள் இறந்துபோகிறாள். ஸ்ரீநகரில் ஒரு படகு வீட்டின் வாடகை ரசீதும் கடிதமும் சாராவிடம் வந்து சேர்கின்றன. சாராவுக்கு இதில் எந்தக் கடமையும் இல்லை. ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு லண்டனுக்குக் கப்பலேறலாம். ஏறவில்லை. பழகிய நாட்கள் சொற்பமே என்றாலும், இறந்த தோழிக்குக் கொடுத்த வாக்கு அவளைப் படகு வீட்டுக்குக் கொண்டுபோகிறது. காரணம் உண்மையானது. அதுவரை சாரா எனக்கு முழுமையாகப் பிடித்தவள்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் குறை. கதாநாயகன் சார்லஸ் வருகிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், அவளுக்குப் பாதிதான் சொல்லப்படும். அங்கே போகாதே, இங்கேயே இரு, கதவைப் பூட்டிக்கொள் என்ற கட்டளைகள் பெருகுகின்றன. அவள் மீறுகிறாள், அகப்படுகிறாள், திட்டு வாங்குகிறாள். தாழ்வாரத்தில் தனியாகப் போனவள் எங்கே என்று பாதிக்கு மேல் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, இந்திய வாசகியாக எனக்கு உறுத்துவது. கதை நடப்பது 1947. வெள்ளையர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பும் ஆண்டு. காஷ்மீரின் தலையெழுத்தே மாறிய ஆண்டு. இதற்கு நடுவில் காஷ்மீரிகள் தேநீர் கொண்டுவருகிறார்கள், படகு தள்ளுகிறார்கள், சலாம் வைக்கிறார்கள். அவர்களுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு பக்கம்கூட இல்லை. கே இந்த நாட்டை உயிருக்குயிராய் நேசித்தவர். ஏரிமேல் விழும் வெளிச்சத்தை அவர் எழுதும்போது அந்த நேசம் தெரிகிறது. மலையும் ஏரியும் பெற்ற கவனிப்பு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள் என்பேன்.

அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அவருடைய 'டெத் இன் தி அந்தமான்ஸ்' நாவலைப் பையில் எடுத்துக்கொள்ளலாம். போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவில், கிறிஸ்துமஸ் சமயத்தில், புயலில் தொடர்பு அறுந்துபோன வீட்டில் நடக்கும் கதை. கே இளம் வயதில் அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்தவர். இப்போது அந்தத் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர். வெள்ளை அதிகாரிகளின் வீடுகளையும் தேவாலயத்தையும் மர வேர்கள் கவ்விப் பிடித்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே நடந்துவிட்டு வந்து அன்றிரவே படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

இரண்டாவது அமீலியா பீபாடி. எலிசபெத் பீட்டர்ஸ் எழுதிய 'க்ரோகடைல் ஆன் தி சாண்ட்பேங்க்', 1975. ஆசிரியரின் இயற்பெயர் பார்பரா மெர்ட்ஸ். 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காமல் போன பாலைவனத்தை அவர் கதைக்குள் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். கதாநாயகிக்கு வைத்த பெயர்கூட ஒரு வணக்கம்தான். நைல் நதியில் பயணம் செய்து புகழ்பெற்ற நூல் எழுதி, 1882இல் எகிப்து அகழாய்வு நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமீலியா எட்வர்ட்ஸின் பெயர் அது.

கதை 1880களில் நடக்கிறது. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தந்தை விட்டுப்போன சொத்து ஏராளம். சொத்து வந்த பிறகு திடீரென்று பாசம் பொங்கிய உறவினர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, கனமான குடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எகிப்துக்குக் கிளம்புகிறாள் அமீலியா. வழியில் ரோமாபுரியில் மயங்கி விழுந்து கிடக்கும் ஈவ்லின் என்ற பெண்ணைத் தூக்கி நிறுத்தித் தோழியாகச் சேர்த்துக்கொள்கிறாள். மயங்கி விழும் பெண்ணைக் கதாநாயகனுக்குப் பதிலாக இன்னொரு பெண்ணே தூக்குகிறாள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அமர்னாவில் பழைய கல்லறைக் குகைகளில் முகாம் போட்டிருக்கும் எமர்சன் சகோதரர்களோடு இவர்கள் சேர, இரவில் ஒரு மம்மி நடமாடத் தொடங்குகிறது.

இதில் என் மனம் ஒட்டிக்கொண்ட இடம் மம்மி வரும் இடம் இல்லை. அமர்னா அகழாய்வில் வண்ண ஓவியம் தீட்டிய தரை ஒன்று வெளிப்படுகிறது. மூவாயிரம் ஆண்டு பழமையானது, காற்றுப் பட்டால் உதிரும். அமீலியா மண்டியிட்டு உட்கார்ந்து, மரவள்ளி மாவு கரைத்த நீரைத் தன் விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவுகிறாள். தூரிகை பட்டால் வண்ணம் பெயர்ந்துவிடும், விரல்தான் வேண்டும். இது கற்பனையும் இல்லை. ஃபிளிண்டர்ஸ் பீட்ரி என்ற அகழாய்வாளர் 1890களில் அமர்னாவில் அப்படி ஒரு தரையை இதே முறையில்தான் காப்பாற்றினார். 1912இல் அது உடைக்கப்பட்டது. எஞ்சிய துண்டுகள் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போயின. நம் ஊர் ஜவ்வரிசியும் அதே மரவள்ளியிலிருந்துதான் வருகிறது. அடுப்பில் கூழ் கிண்டும்போதெல்லாம் எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்துவிடும். சாகசம் என்றால் ஓட்டமும் துரத்தலும் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கங்களைக் காட்டுவேன்.

அப்படியென்றால் இதையே கொடுத்திருக்கலாமே? கொடுக்காததற்கு ஒரே காரணம், அமீலியாவுக்குப் பயம் கிடையாது. கிளம்பிவிடலாம் என்ற கட்டம் இவளுக்கும் வருகிறது. ஆனால் கிளம்புவது என்ற எண்ணமே இவள் மனத்தில் தோன்றாது. மம்மியைக் குடையால் அடிக்கலாமா என்றுதான் யோசிப்பாள். படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது, வாய்விட்டுச் சிரிக்கிறோம், மனம் லேசாகிறது. நெஞ்சு மட்டும் படபடப்பதில்லை. காதலும் அப்படித்தான். சகோதரர்களில் மூத்தவனான எமர்சனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தும் முதல் காட்சியிலேயே, இவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். எமர்சன் நம்பத்தக்கவனா என்ற கேள்வி ஒரு கணம்கூட எழுவதில்லை. நோரா ராபர்ட்ஸிடம் இல்லாத அதே இழை இங்கேயும் இல்லை; ஆனால் அமீலியாவின் குரல் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளவைக்கும்.

மூன்றாவது லிண்டா மார்ட்டின். மேரி ஸ்டூவர்ட்டின் 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்', 1958.

ஸ்டூவர்ட் 1916இல் வட இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் பிறந்தவர், டர்ஹம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், 2014இல் தொண்ணூற்றேழு வயதில் மறைந்தவர். இவருடைய பெண்கள் போருக்குப் பிந்தைய தலைமுறை. வேலை பார்க்கிறவர்கள், கார் ஓட்டுகிறவர்கள், தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு கிரீஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போகிறவர்கள். தூதரகச் செயலாளர், நாடக நடிகை, கால்நடை மருத்துவர் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு தொழில் இருக்கிறது. கதையைப் பெரும்பாலும் அவர்களே தம் வாயால் சொல்கிறார்கள்.

லிண்டா பாதி பிரெஞ்சுக்காரி. பெற்றோரை இழந்து இங்கிலாந்தில் அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வால்மி மாளிகையில், ஒன்பது வயது பிலிப்புக்கு ஆசிரியையாகப் போகிறாள். பெற்றோர் இல்லாத பிலிப்தான் அந்தச் சொத்துக்கு வாரிசு, பட்டமும் அவனுடையது. வயது வரும்வரை நிர்வாகம் சித்தப்பா லியோனிடம். லியோன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீடு முழுவதையும் ஆட்டிவைக்கும் மனிதர். சிறுவனோடு ஆங்கிலம் மட்டுமே பேசும் பெண்தான் வேண்டும் என்று அந்த வீட்டார் கேட்டதால், தனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை லிண்டா மறைத்துவிடுகிறாள். வேலை வேண்டுமே.

அந்தச் சின்னப் பொய் நாவல் முழுக்க எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவர்கள், நமக்கு அவர்கள் மொழி தெரியாது என்று நினைத்து நம்மைப் பற்றியே பேசும்போது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தவித்திருக்கிறீர்களா? லிண்டா நாள் முழுவதும் அந்தத் தவிப்பில் இருக்கிறாள். புரிந்ததைப் புரியாததுபோல் காட்டவேண்டும். ஒரு வார்த்தைக்குச் சிரித்துவிட்டால்கூடத் தீர்ந்தது. பிறகு ஒரு கட்டத்தில் அந்தப் பொய்யே அவள் கழுத்தில் கயிறாக விழக்கூடும் என்று தெரியவரும்போது, படிக்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது.

லியோனின் மகன் ராவுல். மூடுபனியில், பாலத்தின் மேல், கிட்டத்தட்ட லிண்டாவின் மேல் காரை ஏற்றிவிடப் பார்த்தவன். முதல் சந்திப்பே அதுதான். தவறுதலா, இல்லையா என்பதை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டே அவனை நாம் விரும்பத் தொடங்குகிறோம். அதற்குள் காட்டில் எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக் குண்டு ஒன்று சிறுவனைக் கடந்து போயிருக்கிறது. ஈஸ்டர் நடன விருந்து வருகிறது. தானே தைத்த உடையில் லிண்டா ஆடுகிறாள். ராவுல் மணந்துகொள்ளக் கேட்கிறான், இவள் சம்மதிக்கிறாள். மறுநாளே, வீட்டு வேலைக்காரப் பெண் மூலம் செய்தி வந்துவிடுகிறது: சிறுவனைக் கொல்லப் போகிறார்கள். ராவுலுக்கு அதில் பங்கு உண்டா? தெரியாது.

என் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தேன். லிண்டா வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம். அல்லது ராவுலிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அவள் உள்மனம் அவன் குற்றமற்றவன் என்றுதான் சொல்கிறது. மற்ற நாவல்களில் இந்த இடத்தில் உள்மனம்தான் ஜெயிக்கும். இங்கே அவள் வேறு கணக்குப் போடுகிறாள். தன் நம்பிக்கை தவறாக இருந்தால் போவது தன் உயிர் என்றால் அந்தப் பந்தயத்தைக் கட்டலாம். போவது ஒன்பது வயதுப் பிள்ளையின் உயிர். அதைப் பந்தயமாக வைக்கத் தனக்கு உரிமையில்லை என்று முடிவெடுத்து, இரவோடு இரவாகப் பிலிப்பை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மலைக்காட்டில் இறங்கிவிடுகிறாள். சிறுவனின் இன்னொரு சித்தப்பா ஊர் திரும்பும்வரை அவனை உயிரோடு வைத்திருக்கவேண்டும்.

அந்த இரவுப் பயணத்தை எத்தனை முறை படித்திருப்பேனோ! குழந்தையின் கை அவள் கையில் இருக்கிறது. துரத்துகிறவர்களிடம் கார் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். அவளால் ஒன்பது வயதுக் கால்களின் வேகத்தில்தான் போகமுடியும். அவனுக்குக் களைத்தால் நிற்கவேண்டும், பசித்தால் ஏதாவது தேடவேண்டும், அவன் கேட்கும் கேள்விக்கு நடுங்காத குரலில் பதில் சொல்லவேண்டும். தன் காதல் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே இவ்வளவையும் செய்கிறாள். கையில் துப்பாக்கி இல்லை, குடைகூட இல்லை. பயத்தை ஒரு பக்கம் அடக்கி வைத்துவிட்டு அடுத்த அடியை யோசிக்கும் பெண்ணை இவ்வளவு அருகில் வேறெந்த நாவலும் எனக்குக் காட்டியதில்லை.

குறையில்லாத புத்தகம் என்று சொல்லமாட்டேன். முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும். ஸ்டூவர்ட்டுக்கு வர்ணனை மேல் தீராத ஆசை. மரம், பனி, வெளிச்சம், பூ எல்லாம் வரும். அத்தியாயத் தலைப்புகளில் பழைய ஆங்கிலக் கவிதை வரிகள் நிற்கும். இடையிடையே பிரெஞ்சு வார்த்தைகளும் உண்டு. அகராதியைத் தேடாமல் தாண்டிப் போகலாம், கதை கெடாது. கடைசிச் சில பக்கங்களில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஆங்கிலத்தில் அதிகம் படித்துப் பழகாதவர்களுக்கு இது முக்கியமான விஷயம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். மூன்றில் எளிமையான நடை கேயுடையது; சம்பவமும் உரையாடலுமாக ஓடிவிடும். கடினமானது பீட்டர்ஸ். விக்டோரியா காலத்து நீண்ட வாக்கியங்களை அமீலியா வேண்டுமென்றே பயன்படுத்துகிறாள். அவள் சொல்வதற்கும் உண்மையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் நகைச்சுவையே இருக்கிறது. அந்த நடை பிடிபடாவிட்டால் பாதிச் சுவை போய்விடும். ஸ்டூவர்ட் நடுவில் நிற்கிறார்.

வீட்டில் இளம் பெண்களுக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். மூன்றிலும் காதல் முத்தத்தோடு நிற்கிறது. ரத்தமும் குறைவுதான்.

உள்ளூர் மனிதர்களைக் காட்டும் விதத்தில் மூவருமே தம் காலத்தின் பிள்ளைகள். பீட்டர்ஸ் மட்டும் போகப்போகத் திருத்திக்கொண்டார். அமீலியா தொடர் இருபது நாவல்களுக்கு வளர்ந்தது. கடைசி நாவல் அவர் 2013இல் மறைந்த பிறகு இன்னொரு எழுத்தாளரால் முடிக்கப்பட்டு 2017இல் வந்தது. அந்தத் தொடரில் எகிப்தியத் தலைமைப் பணியாளர் அப்துல்லா கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, வாசகர்கள் கண்ணீர் விடும் அளவுக்கு முழு மனிதராகிறார். நீண்ட நாள் துணை வேண்டும், ஒரு குடும்பத்தோடே வயதாக வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு அமீலியாவைவிட நல்ல தேர்வு இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கிறவர்களுக்கும் அமீலியாவைத்தான் கொடுப்பேன்.

மெதுவான தொடக்கத்தைப் பொறுக்க முடியாதவர்கள் ஸ்டூவர்ட்டின் 'திஸ் ரஃப் மேஜிக்'கில் தொடங்கலாம். 1964இல் வந்தது. கிரீஸின் கோர்ஃபு தீவு, நீலக் கடல், எதிர்க்கரையில் அன்றைய கம்யூனிஸ்ட் அல்பேனியா. லூசி என்ற நடிகை கடலில் நீந்தும்போது ஒரு டால்பின் அவளோடு பழகுகிறது. யாரோ அதைச் சுடுகிறார்கள். கோபத்தில் கொதித்துப்போய் அவள் சண்டைக்குப் போவது நாவலின் கதாநாயகனிடம்தான். பிறகு ஒரு நாள் அந்த டால்பின் மணலில் ஒதுங்கிக் கிடக்கும்போது, தோல் காயாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கயிறு கட்டி அதைக் கடலுக்குத் திருப்பி இழுக்கிறார்கள். சந்தேகப்பட்டவனோடு சேர்ந்து ஒரே கயிற்றை இழுக்கும்போது காதல் பிறக்கும் இடம் அவ்வளவு இயல்பாக இருக்கிறது. வெயிலும் உப்புக்காற்றுமாக மனம் குளிரும் புத்தகம். ஆனாலும் லூசியின் தோளில் லிண்டாவின் சுமை இல்லை.

ஆக, அண்ணன் மகளுக்கு லிண்டாவைத்தான் கொடுத்தேன். முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொள், அதற்குள் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்து வை என்றேன். சாராவையும் அமீலியாவையும் அடுத்த விடுமுறைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அமீலியா முதலில், சாரா பிறகு.

நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. இந்நேரத்தில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"அத்தை, தூங்கிவிட்டீர்களா?" குரல் கம்மியிருந்தது. காட்டுக்குள் இறங்கிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். ராவுலைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள், சொல்லக்கூடாது என்று நான் தயாரானேன்.

அவள் ராவுலைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகாதே, அத்தை?"

"படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.